எபிரேயத்தில் கோகோ-கோலா: லோகோவை வேறு எழுத்தில் வரையும் பயிற்சி

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகறிந்த லோகோக்கள் சிலவற்றை எபிரேய எழுத்தில் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது. தெரியாமலே செய்யலாமா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?"

மொழி தெரியாமல் செய்யலாம். எழுத்து தெரியாமல் செய்ய முடியாது. நல்ல வேளையாக எபிரேயத்தில் எழுத்துகள் குறைவு, 22 தான். ஒரு வாரம் கையால் எழுதிப் பழகினால் வடிவங்கள் பிடிபட்டுவிடும். அதைச் செய்யாமல் நேரே கம்ப்யூட்டரில் உட்காருபவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அசல் லோகோவை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, ரோமன் எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டி, திருப்பிப் போட்டு, கவிழ்த்து, எபிரேயம் மாதிரி ஏதோ ஒன்றை ஒட்டி எடுக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசலைப் போலவே இருக்கும். எபிரேயம் படிப்பவருக்கோ இரண்டாவது எழுத்திலேயே தட்டும்.

ஒரு லோகோவின் அடையாளம் அதன் எல்லா எழுத்திலும் பரவிக் கிடப்பதில்லை. ஒன்று இரண்டு இடங்களில்தான் குடியிருக்கிறது: ஒரு வால், ஒரு இடைவெளி, ஒரு சாய்வு, ஒரு நிற வரிசை. அந்த இடம் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் எபிரேயச் சொல்லில் அதே வேலையை இயல்பாகச் செய்யக்கூடிய இடம் எது என்று தேட வேண்டும். இடமே இல்லையென்றால் அந்த அம்சத்தை விட்டுவிட வேண்டும். திணிக்கக் கூடாது.

முதலில் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. இதில் அது தமிழைப் போலத்தான். காஃப், மேம், நூன், பே, த்சாதி என்ற ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம் உண்டு. (வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் 119ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். 22 பகுதிகளாகப் பிரித்து, ஆலெப், பேத், கிமெல் என்று எபிரேய எழுத்துகளின் பெயர்களைத் தலைப்பாகப் போட்டிருப்பார்கள். மூலத்தில் ஒவ்வொரு பகுதியின் வசனங்களும் அந்தந்த எழுத்தில் தொடங்குகின்றன.)

ரோமன் எழுத்துகள் கீழ்க்கோட்டின் மேல் நிற்பவை. எபிரேய எழுத்துகள் மேல்கோட்டிலிருந்து தொங்குபவை. யூதர்களின் வேதமான தோராவைச் சுருளில் எழுதுபவர்கள் தோலில் கோடு கீறிவிட்டு, எழுத்துகளை அதன் கீழே தொங்கவிட்டுத்தான் எழுதுவார்கள். பெரும்பாலான எழுத்துகளுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. அந்தக் கூரைதான் தடிப்பு; கால்கள் மெலிவு. ரோமனில் இதற்கு நேரெதிர், நிற்கும் கோடுதான் தடிப்பு. மேல்கோட்டைத் தாண்டி உயரும் எழுத்து ஒன்றே ஒன்று, லாமெத். கீழே இறங்குபவை கோஃப் என்ற எழுத்தும், சொல்லிறுதியில் வரும் காஃப், நூன், பே, த்சாதி வடிவங்களும். மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் எபிரேயச் சொல்லின் வெளிவடிவம் தட்டையாக இருக்கும். சின்ன எழுத்துகளின் ஏற்ற இறக்கத்தை நம்பியிருக்கும் லோகோக்கள் இங்கே வந்ததும் பாதி உயிரை இழப்பது இதனால்தான்.

அடுத்தது, குழப்பும் ஜோடிகள். இதை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். தாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் மேல் வலது மூலையில் மட்டும்: தாலெத்தில் மூலை கூர்மையாக வெளியே துருத்தும், ரேஷில் வளையும். பெத்துக்கும் காஃபுக்கும் வித்தியாசம் கீழ் வலது மூலையில்: பெத்தின் அடிக்கோடு குதிகால் மாதிரி வெளியே நீளும், காஃப் வளைந்து திரும்பும். ஹேயின் இடது கால் கூரையைத் தொடாது; தொட்டுவிட்டால் அது ஹெத். சாமெக் உருண்டையாக மூடிய எழுத்து, சொல்லிறுதி மேம் சதுரமாக மூடியது. இப்போது யோசித்துப் பாருங்கள். மூலைகளையெல்லாம் மழுக்கி உருட்டுவது ஒரு லோகோவின் பாணி என்றால், அதை எபிரேயத்தில் அப்படியே செய்தால் தாலெத் ரேஷாகிவிடும், பெத் காஃபாகிவிடும். பாணிக்காக எழுத்தையே மாற்றியதாகிவிடும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு விஷயம். அன்றாட எபிரேயத்தில் உயிர்க்குறிகள் போடுவதில்லை. ஆலெஃப், ஹே, வாவ், யோத் ஆகிய நான்கு எழுத்துகள் தேவைப்பட்ட இடத்தில் உயிரொலிக்கு நிற்கும். வெளிநாட்டுப் பெயர்களில் 'க' ஒலிக்குக் காஃப் அல்ல, கோஃப். 'ட' ஒலிக்குத் தாவ் அல்ல, தெத். 'ஜ' வேண்டுமானால் கிமெல் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. பெயர் 'ப்' என்று முடிந்தால் சாதாரண பே, 'ஃப்' என்று முடிந்தால் இறுதி வடிவம். இதையெல்லாம் நீங்களே ஊகிக்க வேண்டாம். எபிரேய விக்கிபீடியாவில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில பெயர்களை இரண்டு விதமாக எழுத இடமுண்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே வடிவமைப்பு முடிவாகிவிடும். ஃபெடெக்ஸ் வரும்போது சொல்கிறேன்.

சரி, கோகோ-கோலாவுக்கு வருவோம். இந்தப் பயிற்சியின் இலக்கண நூல் அதுதான் என்பேன். 1886இல் அட்லாண்டாவில், அந்தப் பானத்தை உருவாக்கிய பெம்பர்டனிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஃபிராங்க் ராபின்சன், அந்தக் காலத்து அமெரிக்க அலுவலகங்களில் புழங்கிய ஸ்பென்சீரியன் கையெழுத்துப் பாணியில் அந்தப் பெயரை எழுதினார். பானம் இஸ்ரேலில் தயாரானது 1968இல். அதற்குப் பதிலடியாக அரபு லீக் 1991 வரை கோகோ-கோலாவைப் புறக்கணித்தது தனிக் கதை. எபிரேய லோகோ இன்று ஜெருசலேமில் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் டி-ஷர்ட் வரை வந்துவிட்டது. எபிரேயத்தில் ஓர் எழுத்தும் தெரியாதவர்கள்கூடப் பார்த்தவுடன் "கோக்!" என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது? முதல் காரணம் அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் நான்கும் நான்கும் எட்டு எழுத்து. எபிரேயத்திலும் கோஃப், வாவ், கோஃப், ஹே. கோஃப், வாவ், லாமெத், ஹே. அதே நாலும் நாலும், அதே வரிசை, திசை மட்டும் திரும்பியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் 'எல்' உயர்ந்து நிற்கும் இடத்தில், எபிரேயத்தில் மேலே உயரும் ஒரே எழுத்தான லாமெத் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் பெரிய 'சி'யின் வால் கீழே ரிப்பன் போல ஓடும். எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது கோஃப், இயல்பாகவே கீழே இறங்கும் எழுத்து. இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அதிர்ஷ்டம் பாதி தூரம்தான் கூட்டிப்போகும். நீங்களே வரைய உட்கார்ந்தால் மூன்று சிக்கல்கள் வரும். ஒன்று, ஸ்பென்சீரியன் எழுத்துகள் ஒன்றோடொன்று கோர்த்தபடி ஓடுபவை. எபிரேய எழுத்துகள் சேர்வதில்லை, கையெழுத்தில்கூடப் பொதுவாகத் தனித்தனியாகத்தான் நிற்கும். ஆகவே இணைப்புக் கோடுகளைக் கொண்டுவந்து எழுத்துகளைக் கட்டக் கூடாது. ஓட்டம் வால்களில்தான் தெரிய வேண்டும். இரண்டு, பெரிய எழுத்து இல்லாததால் மூன்று கோஃபும் ஒரே அளவில் நின்றுவிடும், எது தலைவன் என்று தெரியாது. இரண்டு சொற்களின் முதல் கோஃபுக்கும் நீண்ட வால் கொடுத்து, நடுவில் வரும் கோஃபின் வாலை அடக்கிவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வு திரும்பக் கிடைக்கும். மூன்றாவதுதான் ஆபத்தானது: ஹேயின் இடது கால். ரிப்பன் பாணியில் வரையும் கை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகவே ஆசைப்படும். அந்தக் கால் கூரையைத் தொட்ட நொடியில் ஹே ஹெத்தாகி, பெயர் தொண்டையைச் செருமுகிற ஒலியில் முடியும். அந்த ஒரு சின்ன வெளியை எந்தப் பாணிக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூகுள் இதற்கு எதிர்த் துருவம். 1999இல் வந்து பத்தாண்டுக்கு மேல் ஓடிய அதன் பழைய லோகோவை வரைந்தவர் ரூத் கெதார். பிரேசிலில் பிறந்து, பதினாறு வயதில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, ஹைஃபாவின் டெக்னியன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். கட்டுல் என்ற செரிஃப் எழுத்துருவில், அதாவது கோடுகளின் நுனியில் சின்ன முனைப்பு உள்ள எழுத்துருவில், அமைத்தார். 2015இல் அது செரிஃப் இல்லாத வடிவத்துக்கு மாறிவிட்டது. எந்தப் பதிப்பானாலும் அந்தப் பெயரின் முகம் நடுவில் இருக்கும் இரண்டு 'ஓ'க்கள்தான். தேடல் முடிவுகளின் அடியில் அவற்றைத்தான் நீட்டி நீட்டிப் பக்க எண் போட்டார்கள். எபிரேயத்தில் கூகுள் நாலே எழுத்து: கிமெல், வாவ், கிமெல், லாமெத். இரண்டு உருண்டைகளுக்குப் பதில் ஒரு ஒல்லிக் குச்சி. வாவை இரண்டாகப் போட்டு ஈடுகட்டலாமே என்று தோன்றும். கூடாது, சொல்லின் நடுவில் இரட்டை வாவ் வந்தால் அதை 'வ' என்றுதான் படிப்பார்கள்.

ஆக 'ஓ' போயிற்று. மிச்சம் என்ன? நிறம். இங்கே ஓர் அழகான புதிர் கிடைக்கிறது. அசலில் வரிசை நீலம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு. இரண்டு 'ஜி'யும் நீலம், 'எல்' பச்சை. எபிரேயத்தில் இரண்டு கிமெலுக்கும் நீலம், லாமெத்துக்குப் பச்சை என்று ஒலிக்கு ஒலி அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. வாவ் மட்டும் மிச்சம், சிவப்பா மஞ்சளா? ஒன்றைப் போட்டால் மற்றொன்று லோகோவிலிருந்தே காணாமல் போகும். ஒலியை மறந்து நாலு எழுத்துக்கு நாலு நிறம் என்று பிரித்துவிடலாம். அப்போது இரண்டு கிமெலும் வேறு வேறு நிறமாகும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பார்ப்பவர் கண்ணில் நிற்பது நான்கு நிறமும் சேர்ந்த கூட்டம், எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்ற கணக்கு அல்ல. உங்களுக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் அதற்கான காரணத்தை எழுதி வையுங்கள். வகுப்பில் கேட்பார்கள்.

அமேசான் இன்னும் சுவாரசியம். 2000இல் டர்னர் டக்வொர்த் நிறுவனம் வரைந்த லோகோவில், 'ஏ'யிலிருந்து 'இசட்' வரை ஓர் அம்பு போகிறது. எல்லாம் கிடைக்கும் என்று பொருள், கூடவே ஒரு புன்னகை. எபிரேயத்தில் பெயர் ஆலெஃப், மேம், ஸாயின், வாவ், இறுதி நூன். அம்பை ஆலெஃபிலிருந்து ஸாயினுக்கு இடப்பக்கமாக வரைந்துவிடலாம், ஆனால் ஸாயின் எபிரேய வரிசையில் ஏழாவது எழுத்து. முதலிலிருந்து ஏழாவது வரை என்றால் என்ன பெருமை? எபிரேயத்திலும் "ஆலெஃபிலிருந்து தாவ் வரை" என்றுதான் சொல்வார்கள். அமேசானில் தாவே இல்லை. போதாததற்கு, கடைசியில் இருக்கும் இறுதி நூனின் கால் கீழே இறங்கி, புன்னகை இருக்க வேண்டிய இடத்தைக் குத்திக்கொண்டு நிற்கும்.

பலர் இந்த இடத்தில் நூனின் காலை வெட்டிக் குட்டையாக்குவார்கள். வெட்டினால் அது வாவாகிவிடும். தீர்வு அந்தக் காலிலேயே இருக்கிறது. வலப்பக்கம் ஆலெஃபின் அடியிலிருந்து வளைவு கிளம்பி, சொல்லின் கீழே ஓடி, இறுதி நூனின் இறங்கும் காலில் போய்ச் சேரட்டும். அந்த வடிவம் சொல்லின் முடிவில் தவிர வேறெங்கும் வராது. ஆகவே வளைவு அகரவரிசையின் முதல் எழுத்தில் தொடங்கி, 'முடிவு' என்று உருவத்திலேயே சொல்லும் எழுத்தில் போய் நிற்கிறது. அசலின் சிலேடை கைமாறி வேறொரு சிலேடையாக வந்துவிட்டது, புன்னகையும் பிழைத்தது.

ஃபெடெக்ஸின் அம்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1994இல் லேண்டர் நிறுவனத்தில் லிண்டன் லீடர் வரைந்தது. பெரிய 'ஈ'க்கும் சின்ன 'எக்ஸு'க்கும் இடையே உள்ள வெற்றிடம்தான் அம்பு. அதன் அரபி வடிவத்திலும் அம்பு உண்டு, இடப்பக்கம் பார்த்தபடி. எபிரேயத்தில் வழக்கமான எழுத்துக்கூட்டல் பே, தாலெத், கோஃப், சாமெக். அம்பின் தலைக்குச் சாய்கோடு வேண்டும், இந்த நாலு எழுத்திலும் உருப்படியான சாய்கோடு எதுவும் இல்லை. இங்கேதான் எழுத்துக்கூட்டல் கைகொடுக்கிறது. பெயரை இரண்டு அசைச்சொற்களாகப் பிரித்து எழுதினால் பின்பாதி ஆலெஃபில் தொடங்கும். ஆலெஃபின் முதுகெலும்பே ஒரு சாய்கோடு. தாலெத்தின் கூரைக்கு அடியில் பெரிய வெற்றிடம் இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் ஆலெஃபின் கைகள். இந்த இரண்டுக்கும் நடுவில் இடப்பக்கம் பார்க்கும் அம்பைத் தேடிப் பாருங்கள். கிடைக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். தாலெத்தின் மேல்மூலை கூர்மையாகவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வரையுங்கள், இல்லாவிட்டால் "ஃபெரெக்ஸ்" ஆகிவிடும். வெற்றிடத்தில் ஒளிந்திருக்க வேண்டிய அம்பை, கிடைக்கவில்லை என்பதற்காக வேறு நிறத்தில் தனியாக வரைந்து ஒட்டாதீர்கள். தானாகத் தெரியாத அம்பு அந்த லோகோவுக்கு எதிரி.

ஐபிஎம் சுருக்கமாக. பால் ராண்டின் 1972ஆம் ஆண்டு வடிவத்தில் எட்டுப் பட்டைகள். எபிரேயத்தில் யோத், பெத், மேம். யோத் மேலே தொங்கும் குட்டி எழுத்து, ஆகவே அதற்கு மேலே உள்ள நாலு பட்டைகள்தான் கிடைக்கும், கீழே வெறுமை. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், இழுத்து நீட்டினால் வாவ். பெத்தின் குதிகால் எட்டாவது பட்டைக்குள் அடங்க வேண்டும், அது தெரியாவிட்டால் காஃப். கடைசி எழுத்துக்குச் சாதாரண மேமைத்தான் போடுகிறார்கள். இறுதி மேமைப் போட்டால் 'யாவாம்' என்று ஒரு முழுச் சொல்லாகிவிடும். வாரிசில்லாமல் இறந்த சகோதரனின் மனைவியை மணக்கக் கடமைப்பட்டவன் என்று பைபிள் காலத்துப் பொருள். கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு வேண்டாத வேலை.

தடிப்பு மெலிவு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செரிஃப் லோகோ எதை எடுத்தாலும் இங்கேதான் இடறும். வோக் பத்திரிகையின் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிடோ பாணி: நிற்கும் கோடுகள் மிகத் தடிப்பு, படுக்கைக் கோடுகள் மயிரிழை. எபிரேயத்தில் வோக் மூன்றே எழுத்து: வாவ், வாவ், கிமெல். ரோமன் முறைப்படி நிற்கும் கோடுகளைத் தடித்தால் இரண்டு வாவும் இரண்டு கறுப்புத் தூணாகிவிடும், படிப்பவர் எழுத்தையே பார்க்கமாட்டார். மரபைப் பின்பற்றிக் கூரையைத் தடித்து, காலை மயிரிழையாக்கினால் அந்த உயர்தர நளினம் வரும். ஆனால் சொல்லுக்கு உடம்பு இருக்காது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் போடோனி, டிடோ பாணிகள் கோலோச்சியபோது எபிரேய அச்செழுத்துகளும் அதே மோகத்தில் விழுந்தன. கூரைகள் தடித்தன, கால்கள் இழையாகின, எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் மங்கியது. லைப்ஸிக்கில் யூத ஜெபக்கூடத்தில் பாடகராக இருந்த ரஃபாயேல் ஃபிராங்க், அந்தத் தடிப்பு மெலிவு முரணைத் தணித்து ஃபிராங்க்-ரூல் என்ற எழுத்துருவை 1910ஐ ஒட்டி உருவாக்கினார். இன்றும் எபிரேயப் புத்தகங்களில் அதிகம் பார்ப்பது அந்த வம்சத்தைத்தான். ஆகவே வோக்கை வரைபவர் ஃபிராங்க்-ரூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் எவ்வளவு தூரம் முரணைத் திரும்ப ஏற்றலாம் என்று படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். செரிஃப் இல்லாத லோகோக்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 1920களின் இறுதியில் போலந்தில் யான் லெவிட் வரைந்த ஹைம் என்ற கட்டை எழுத்து, எபிரேயத்தில் தடிப்பு மெலிவை அறவே துறந்து, மூலைகளைக் கோணல்மாணலின்றி நறுக்கிக் காட்டியது. அதற்குப் பிறகு தலைப்புகளிலும் சுவரொட்டிகளிலும் அந்தப் பாணி வேரூன்றிவிட்டது.

லோகோ அல்ல என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் இண்டியானா, அன்பைக் குறிக்கும் நாலெழுத்து ஆங்கிலச் சொல்லை மேலே இரண்டு கீழே இரண்டாக அடுக்கிய உருவம் உலகப் புகழ்பெற்றது. அதில் 'ஓ' மட்டும் சாய்ந்து நிற்கும். 1977இல் அவரே அதன் எபிரேய வடிவத்தை எஃகில் செய்தார், ஜெருசலேமின் இஸ்ரேல் மியூசியத்தில் இருக்கிறது. அன்புக்கு எபிரேயத்தில் அஹவா, அந்தச் சொல்லும் நாலெழுத்து: மேலே ஆலெஃப், ஹே; கீழே பெத், ஹே. சாயும் 'ஓ'வை அங்கே கொண்டுவர அவர் முயலவில்லை. எந்த எழுத்தையாவது சாய்த்து வைத்திருக்கலாம், சாய்த்திருந்தால் அது அசலின் நகலாகத் தெரிந்திருக்கும். அடுக்கு, கனம், எழுத்துகள் நெருங்கி நிற்கும் விதம் மூன்றும் போதும் என்று விட்டுவிட்டார். எதை விடுவது என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாய்வு என்றதும் நினைவுக்கு வருகிறது. வேகத்தைக் காட்ட வலப்பக்கம் சாயும் லோகோக்கள் நிறைய. வலமிருந்து இடம் படிப்பவருக்கு வலச்சாய்வு பின்னால் மல்லாந்து விழுவது போலத் தோன்றலாம், இடச்சாய்வுதான் முன்னோக்கிய பாய்ச்சல். எபிரேயத்தில் இரண்டு சாய்வும் புழக்கத்தில் இருக்கின்றன. பயிற்சியில் இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கச் சொல்வேன். ஆனால் தனிச் சின்னங்களைத் திருப்பாதீர்கள். நைக்கியின் கோடு எந்த நாட்டிலும் ஒரே திசைதான். மெக்டொனால்ட்ஸின் தங்க வளைவையும் மேம் ஆக்கப் பார்க்க வேண்டாம். இஸ்ரேலிலும் வளைவு வளைவாகவேதான் நிற்கிறது.

வேலை முறை பற்றிச் சில வார்த்தைகள். அகல நிப் பேனாவில் தொடங்குங்கள், படுக்கைக் கோடு தடிக்கிற கோணத்தில் பிடித்து. கூகுள் ஃபான்ட்ஸில் ஃபிராங்க் ரூல் லிப்ரே, ஹீபோ, ரூபிக், அசிஸ்டன்ட் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹீபோ என்பது ரோபோட்டோ எழுத்துருவுக்கு ஓடெட் எஸெர் செய்த எபிரேயத் துணை. இரண்டையும் பெரிதாக அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரோமனின் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் நடுவே எபிரேயத்தின் உயரம் எங்கே நிற்கிறது, தடிப்பு எங்கே போயிருக்கிறது, வளைவுகளில் எது ரோமனிலிருந்து வந்தது, எது வரவில்லை என்று ஒரு மாலை முழுக்கப் பார்க்கலாம். நான் சொன்ன பாதி விஷயங்கள் அதிலேயே தெரிந்துவிடும்.

மென்பொருளில் ஒரு பொறி இருக்கிறது. வலமிருந்து இடம் எழுதும் வசதியை இயக்காமல் எபிரேயத்தை ஒட்டினால் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் விழும். பெயர் பின்னாலிருந்து முன்னாகப் படிக்கும்படி ஆகிவிடும். இப்படிப் பச்சை குத்திக்கொண்டவர்களே இருக்கிறார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான அமைப்பை முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியதும் முதல் எழுத்து வலது ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரைந்து முடித்ததும் ஒரு சோதனை. எபிரேயமும் அரபியும் ஒன்றாகப் படிக்கக் கிடைக்கும் 'அராவ்ரித்' என்ற கலப்பு எழுத்தை உருவாக்கிய லிரோன் லவி துர்கெனிச், அரபியை மேல்பாதியாலும் எபிரேயத்தைக் கீழ்பாதியாலும் அடையாளம் காண முடியும் என்பதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். கூரைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் இது நியாயமே. உங்கள் லோகோவின் மேல்பாதியைக் காகிதத்தால் மூடுங்கள். கீழ்பாதியை வைத்துப் பெரும்பாலான எழுத்துகளைச் சொல்ல முடிய வேண்டும். தாலெத்-ரேஷ், ஹே-ஹெத் ஜோடிகளுக்கு மட்டும் மூடிய பாதியைத் திறந்து தனியாகச் சரிபாருங்கள். அப்புறம் எபிரேயம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அசலைக் காட்டாமல், நிறம் இல்லாமல், கறுப்பு வெள்ளையில் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நிறத்தோடு காட்டினால் கோகோ-கோலாவைச் சிவப்பை வைத்தே ஊகித்துவிடுவார்கள்.

இவை எல்லாம் பதிவுசெய்த வணிகச் சின்னங்கள். வகுப்புக்கும் போர்ட்ஃபோலியோவுக்கும் வரையலாம், பயிற்சிக்காக வரைந்தது என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்க நினைத்தால் அது வேறு கதை, வக்கீல் நோட்டீஸ் வரும்.

எதில் தொடங்குவது என்று யோசிப்பீர்கள். லெகோவில் தொடங்குங்கள். லாமெத், கிமெல், வாவ், மூன்றே எழுத்து; குழப்பும் ஜோடி எதுவும் இல்லை, தடிப்பு மெலிவும் கிடையாது. கறுப்பும் மஞ்சளுமான வெளிக்கோட்டை லாமெத்தின் உயர்ந்த கழுத்தைச் சுற்றி எப்படிக் கொண்டுபோவது என்பது மட்டும்தான் கேள்வி. அந்தக் கழுத்துக்காகச் சிவப்புச் சதுரத்துக்குள் மற்ற இரண்டு எழுத்தும் எவ்வளவு சுருங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து கூகுள், பிறகு கோகோ-கோலா, அதற்கப்புறம் அமேசான். வோக்கைக் கடைசிக்கு வையுங்கள்.